தொட்டிலருகே வந்த வாணிகம்

பேறுகாலம் முடிந்து தாய்வீட்டில் தங்கியிருந்த ஓர் இளந்தாயைக் காண அண்மையில் ஒரு மாலை சென்றிருந்தோம். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். உத்திரத்தில் சேலைத் தொட்டில். அதனுள் கைகளை மூடிக்கொண்டு உறங்கும் பச்சிளம் மகவு. அடுப்பங்கரையில் பூண்டும் சுக்கும் கலந்த மணம். எல்லாம் நம் வீடுகளில் வழக்கமாகக் காண்பவையே. ஆனால் தொட்டிலுக்கு மேலே, சுவர் மாடத்தில், திருக்குடும்பப் படத்தை ஒட்டிப் புத்தம் புதிய பால்பொடி டப்பா ஒன்று இருந்தது.

"தாய்க்குப் பால் போதவில்லையோ?" என்று குழந்தையின் அம்மாச்சியை வினவினோம்.

"பாலுக்கு என்ன சாமி குறை? நல்லாச் சுரக்குது. ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது இதை எழுதிக் கொடுத்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு மருமகன் வாங்கி வந்தார்."

"யார் எழுதிக் கொடுத்தது? டாக்டரா?"

"இல்லே சாமி. யாரோ ஒரு அம்மா. வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாங்க. நர்சம்மாதான்னு நெனச்சோம்."

"எதுக்கும் இருக்கட்டும்." இந்த இரண்டு சொற்கள் வீடு திரும்பும் வழியெல்லாம் நம் செவியில் ஒலித்தன. பால் சுரக்கிறது, குழந்தை நலமாயிருக்கிறது, மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் நெஞ்சில் ஐயம் புகுந்துவிட்டது. ஐயம் புகுந்த வழியே டப்பாவும் புகுந்துவிட்டது. எங்கோ ஓர் ஆலையில் அடைக்கப்பட்ட பொருள், நாம் கேளாமலே நம் தொட்டிலின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? இக்கேள்வியை இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

பொருள் வரும் பாதை

வணிகவியல் பயிலும் நம் பிள்ளைகள் 'விநியோக வழி' என்றொரு பாடம் படிக்கிறார்கள். ஆலையிலிருந்து மொத்த வணிகர், அவரிடமிருந்து சில்லறைக் கடைக்காரர், அவரிடமிருந்து வாங்குபவர் என்று பொருள் படிப்படியாக இறங்கி வருகிறது. இப்பாதையை நாம் பெரும்பாலும் ஒரு குழாயைப் போலவே எண்ணுகிறோம். குழாய்க்குக் கருத்து ஏதும் இல்லை. தண்ணீரைக் கடத்துவது ஒன்றே அதன் வேலை. எனவே பொருள் நல்லதா, விலை நியாயமானதா என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதி அடைகிறோம்.

அக்கேள்விகள் போதா என்று உணர்த்தியவர்கள் சில ஜெர்மானிய அறிஞர்கள். 1923-இல் பிராங்பர்ட் நகரில் சமூக ஆய்வு நிறுவனம் ஒன்று தோன்றியது. பின்னர் அதன் தலைவரான மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார். உலகை உள்ளவாறு விவரிப்பதோடு நின்றுவிடும் அறிவு ஒன்று உண்டு; இந்நிலை எப்படி உண்டாயிற்று, இதனால் வாழ்பவர் யார், வாடுபவர் யார், இது மாறலாகாதா என்று வினவும் அறிவு மற்றொன்று உண்டு என்பது அதன் சாரம். பின்னதையே விமரிசனச் சமூகக் கோட்பாடு என்கிறோம். இட்லரின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற அவரும் தியோடர் அடோர்னோவும், திரைப்படமும் வானொலியும் விளம்பரமும் மக்களின் விருப்பங்களையே ஆலைப்பொருள் போல வார்த்தெடுப்பதை அங்கே கண்டனர். அதைப் பற்றி அவர்கள் எழுதிய நூல் 1947-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அவர்களுடைய தோழர் ஹெர்பர்ட் மார்க்யூஸ், மனிதனுக்குள் வெளியிலிருந்து நாட்டப்படும் ஆசைகளைப் 'பொய்த்தேவைகள்' என்று 1964-இல் பெயரிட்டழைத்தார்.

இவர்கள் நம் விசுவாசத்தைப் பகிர்ந்தவர்கள் அல்லர். மார்க்சின் சிந்தனையிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் கூறியவை அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் மருந்து தருபவர் எம்மதத்தவர் என்று பார்த்தா நோய்க்கு மருந்து உண்கிறோம்? செயற்கைத் தேவைகளைத் தோற்றுவிக்கும் நுகர்வு மனப்பான்மையைக் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1991-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் எச்சரித்துள்ளார். இக்கேள்விகளை வைத்துக்கொண்டு அந்த ஒரு டப்பாவின் வரலாற்றைப் பார்ப்போம்.

நல்லெண்ணத்தில் பிறந்த பொடி

ஜெர்மனியில் பிறந்து சுவிட்சர்லாந்தின் வெவே என்னும் ஊரில் குடியேறிய மருந்தாளர் ஹென்றி நெஸ்லே. பாலும் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் குழந்தையுணவு ஒன்றை அவர் 1867-இல் உருவாக்கினார். தாய்ப்பால் பெற வழியற்ற குழந்தைகள் மாண்டுபோன காலம் அது. அவர்களுக்கு உணவளிக்கவே அம்மாவு பிறந்தது. ஆகவே பொருளின் தொடக்கத்தில் தீமை ஏதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

நூறாண்டு கழிந்தது. 1960-களில் செல்வ நாடுகளில் பிறப்புகள் குறையத் தொடங்கின. பால்பொடி நிறுவனங்கள் பலவும் ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் தாய்மார்களை நோக்கித் திரும்பின. அங்கோ ஒரு தடை இருந்தது. அந்தத் தாய்மார்களுக்குப் பால்பொடி தேவைப்படவில்லை. இயற்கை தந்த உணவு செலவின்றி, சூடு குன்றாது, தூய்மை கெடாது அவர்களிடமே இருந்தது. தேவை இல்லாத இடத்தில் பொருளை எப்படி விற்பது?

கடை வழியே விற்க முடியாததை மகப்பேற்று விடுதி வழியே விற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். வெண்ணிறச் செவிலியர் உடை அணிந்த பெண்கள் பேறுகால வார்டுகளுக்குள் சென்றனர். 'பால் செவிலியர்' என்று இவர்களைப் பின்னாளில் மக்கள் அழைத்தனர். இவர்களுள் உண்மையான செவிலியரும் உண்டு, அல்லாதாரும் உண்டு. எப்படியிருப்பினும் ஊதியம் அளித்தது நிறுவனமே. சில இடங்களில் விற்பனைக்கேற்பத் தரகும் கிடைத்தது. அவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக் கொடுத்தார்கள், கனிவோடு பேசினார்கள், போகும்போது ஓர் இலவச டப்பாவைக் கையில் வைத்தார்கள். மருத்துவமனைச் சுவர்களில் கொழுகொழு குழந்தையின் படங்கள் தொங்கின. மருத்துவமனைகளுக்கே பால்பொடி இலவசமாக வந்து இறங்கியது.

இலவச டப்பா என்பது சிறு செய்தியன்று. தாய்ப்பால் பண்டக சாலையில் அடுக்கி வைக்கும் சரக்கைப் போன்றதன்று. குழந்தை சப்பச் சப்பவே ஊறும்; சப்பாவிடில் வற்றும். சில நாள் புட்டிப்பால் பழகிய குழந்தை மார்பை நாடுவது குறையும்; மார்பை நாடாதபோது சுரப்பும் குறையும். இலவச டப்பா தீரும் வேளையில் தாயின் பாலும் தீர்ந்திருக்கும். இரண்டாவது டப்பாவை அவள் காசு கொடுத்தே வாங்கியாக வேண்டும். முதல் டப்பா இல்லாத தேவையை உண்டாக்கியது. இரண்டாவது டப்பா அத்தேவைக்கு விலை கேட்டது. மார்க்யூஸ் கூறிய பொய்த்தேவை, ஒரு சில வாரங்களிலேயே உடலளவில் மெய்த்தேவையாகிவிட்ட கொடுமை இது.

அதன் பிறகு நடந்ததை விரித்துரைக்க நெஞ்சம் கூசுகிறது. ஏழைத் தாய்க்கு ஒரு டப்பாவின் விலை தாங்க முடியாத சுமை. நான்கு நாளைக்குரிய பொடியைப் பத்து நாளைக்கு நீட்டினாள். கலக்கிய நீரோ குளத்து நீர். புட்டியைக் கொதிக்கவைக்க விறகில்லை. டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த குறிப்பை அவளால் படிக்க முடியவில்லை. வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் ஒன்றையொன்று துரத்தின. மருத்துவர் டெரிக் ஜெல்லிஃப் இதற்கு 'வாணிகத்தால் விளைந்த ஊட்டக்குறைவு' என்று பொருள்படும் ஒரு பெயரையே சூட்டினார்.

உரத்துப் பேசியவர்கள்

இத்தீங்கை முதலில் கண்டவர்கள் குழந்தைகளின் படுக்கையருகே நின்ற மருத்துவர்களே. ஜமைக்காவில் பிறந்த பெண் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இலேயே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தின் முன் பேசினார். டப்பிப் பாலைக் குழந்தையுணவாகப் பரப்புவது குறித்த அவ்வுரைக்குப் 'பாலும் கொலையும்' என்று அவர் தலைப்பிட்டார். கேட்டவர்கள் வணிகர்களும் அதிகாரிகளும். உலகம் செவிசாய்க்க மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

1974-இல் இலண்டனில் ஓர் அறநிறுவனம் 'குழந்தைக் கொலையாளி' என்னும் சிறு வெளியீட்டை அச்சிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த ஓர் இளைஞர் குழு அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, நெஸ்லே நிறுவனம் குழந்தைகளைக் கொல்கிறது என்றே தலைப்பை மாற்றிவிட்டது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976-இல் தீர்ப்பு வந்தது. அத்தலைப்பு அவதூறே என்று முடிவுசெய்த நீதிபதி, குழுவினருக்குத் தலைக்கு 300 பிராங்க் அபராதம் விதித்தார். அத்துடன், நிறுவனம் தன் விளம்பர முறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். வழக்கில் வென்றவர் உலகத்தின் முன் தலைகுனிய நேர்ந்த தீர்ப்பு அது.

அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தி நம் வாசகர்களுக்குச் சிறப்பாக உரியது. ஓகையோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த திருஇரத்தக் கன்னியர் சபையார், பிரிஸ்டல்-மையர்ஸ் என்னும் மற்றொரு பெருநிறுவனத்தில் சில பங்குகள் வைத்திருந்தனர். பால்பொடி விற்கும் முறைகளைப் பற்றி அவர்கள் கேள்வி எழுப்பினர். நிறுவனம் தந்த பதில் பங்குதாரர்களைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்குவது என்று கூறி 1976-இல் நீதிமன்றம் ஏறினர். பங்குதாரர்கள் என்ற முறையில் இக்கன்னியருக்கு இழப்பு ஏதும் ஏற்படவில்லை என்று சொல்லி நீதிபதி 1977-இல் வழக்கைத் தள்ளினார். கன்னியர் மேல்முறையீடு செய்தனர். முடிவில் உடன்பாடு ஏற்பட்டு, இரு தரப்புச் செய்திகளும் பங்குதாரர் அனைவருக்கும் அனுப்பப்பட்டன. தங்களுக்கு ஒரு காசும் இழப்பில்லாத ஒன்றுக்காக, கண்ணால் காணாத குழந்தைகளுக்காக, இக்கன்னியர் நீதிமன்றப் படி ஏறினார்கள். வணிகக் கணக்கில் இதற்கு இடமில்லை என்று நீதிபதி கூறியது ஒரு வகையில் உண்மையே.

அந்த 1977-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1978 மே மாதம் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. தலைமை தாங்கியவர் எட்வர்டு கென்னடி. தூய நீரும், போதிய வருவாயும், எழுத்தறிவும் இருந்தாலன்றிப் பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலாத ஒரு பொருளை, இவற்றுள் ஒன்றும் இல்லாத இடத்தில் விற்கலாமா என்பதே அவர் எழுப்பிய வினா. நிறுவனத்தின் பிரேசில் நாட்டுத் தலைவரோ, இந்தப் புறக்கணிப்பு தடையற்ற பொருளாதார முறையின் மீது தொடுக்கப்பட்ட மறைமுகத் தாக்குதல் என்று மறுமொழி கூறினார்.

இறுதியில் 1981 மே 21-ஆம் நாள் ஜெனீவாவில் உலக நலவாழ்வுப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றிய பன்னாட்டு நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவு 118 வாக்குகள், எதிர்ப்பு ஒன்று, நடுநிலை மூன்று. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. நெறிமுறைக்கு இணங்குவதாக நெஸ்லே உறுதியளித்ததால் 1984-இல் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. மருத்துவமனைகளுக்கு இலவசச் சரக்கு செல்வது நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் 1988-இல் மீண்டும் தொடங்கிற்று.

இரவல் வாங்கிய குரல்

நெறிமுறை பிறந்த அதே 1981-ஆம் ஆண்டில், பிராங்பர்ட் மரபில் வந்த யூர்கன் ஹாபர்மாஸ் உரையாடற் செயலைப் பற்றிய தமது பெருநூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் முன்னதைப் புரிந்துகொள்ளப் பின்னது பெரிதும் உதவுகிறது.

மனிதர் ஒருவரோடொருவர் பேசுவதில் இருவகை உண்டு என்கிறார் அவர். உண்மையை இருவரும் சேர்ந்து கண்டு உடன்பாட்டை அடையப் பேசுவது ஒன்று, அங்கே கேட்பவர் "ஏன்?" என்று வினவலாம், மறுக்கலாம். தன் காரியத்தை முடித்துக்கொள்ளப் பேசுவது மற்றொன்று. பின்னதிலும் வெளிப்படையானது உண்டு. சந்தையில் கத்தரிக்காய் விற்பவள் விலை கூறும்போது, அவள் விற்கவே பேசுகிறாள் என்பது நமக்குத் தெரியும். நாமும் பேரம் பேசுகிறோம். அதில் தீங்கு இல்லை. தன் காரியத்தை முடிக்க வந்தவர், உண்மை பேச வந்தவரின் உடையை அணிந்துகொள்வதே தீங்கு. பால் செவிலியர் செய்தது இதுவே. தாய் அவர்களை நம்பியது விற்பனையாளர் என்றன்று, செவிலியர் என்று. மருத்துவமனை பல தலைமுறைகளாக ஈட்டிய நம்பிக்கையை நிறுவனம் சில டப்பாக்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

பாட்டிக்கும் பேத்திக்கும், அண்டை வீட்டுப் பெண்களுக்கும், மருத்துவச்சிக்கும் தாய்க்கும் இடையே பேச்சும் பழக்கமும் நம்பிக்கையும் கொண்ட ஓர் உலகம் இருக்கிறது. இதை ஹாபர்மாஸ் 'வாழ்வுலகு' என்கிறார். பணமும் அதிகாரமும் தம் எல்லை கடந்து இவ்வுலகுக்குள் குடியேறி, அதைத் தமது ஆட்சிப்பகுதியாக ஆக்கிக்கொள்ளும்போது சமூகம் நோயுறுகிறது என்பது அவர் கண்ட முடிபு. தொட்டிலைவிட உள்ளான இடம் வாழ்வுலகில் வேறு எது? அங்கேயே வாணிகம் கால் வைத்துவிட்டது. எனவே விநியோக வழி வெறும் குழாய் அன்று. அது பேசுகிறது, நாம் நம்புகிறவர்களின் குரலை இரவல் வாங்கிக்கொண்டு பேசுகிறது.

இதை எழுதும்போது நம் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், 2000-ஆம் ஆண்டையொட்டி, நாம் பணியாற்றிய ஒரு பங்கில் குழந்தையுணவு நிறுவனம் ஒன்றின் ஆள் நம்மை வந்து பார்த்தார். பங்கு மண்டபத்தில் 'ஆரோக்கியக் குழந்தைப் போட்டி' நடத்த இடம் கேட்டார். பரிசுகள் அவர்கள் செலவு. நாற்காலி, ஒலிபெருக்கி அவர்கள் செலவு. மண்டபத்துக்கு இரண்டு மின்விசிறிகளும் தருவதாகச் சொன்னார். மகிழ்ந்து இசைந்தோம். ஞாயிறு திருப்பலி முடிவில் நாமே அறிவிப்பும் செய்தோம். எண்பதுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் வந்தனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாதிரிப் பொட்டலம் கொடுத்தனுப்பப்பட்டது. அந்தப் பெண்கள் நிறுவனத்தை நம்பி வரவில்லை. பீடத்தருகே நின்று அறிவித்த நம் குரலை நம்பி வந்தார்கள். இரண்டு மின்விசிறிகளுக்கு நம் குரலை இரவல் கொடுத்தோம் என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின. மருத்துவமனைகளைக் குறைகூறும் தகுதி நமக்கு எந்த அளவு உண்டு என்று அன்றிலிருந்து நம்மை நாமே கேட்டு வருகிறோம்.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியா 1983-இல் தேசிய நெறிமுறையை ஏற்றது. 1992-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அது 1993 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பால்பொடி, பால்புட்டி, குழந்தையுணவு ஆகியவற்றின் உற்பத்தி, வழங்கல், விநியோகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் என்பதே அதன் பெயரின் பொருள். பொருளைச் சட்டம் தடைசெய்யவில்லை. அது வரும் பாதையைக் காவல் செய்கிறது. அவ்வகையில் இது மிகவும் நுட்பமான சட்டம் எனலாம்.

அதன்படி பால்பொடிக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் கூடாது. தாய்மாருக்கு மாதிரியோ பரிசோ தரலாகாது. மருத்துவமனைகளில் விளம்பரத் தட்டி வைக்கலாகாது. மருத்துவப் பணியாளருக்கு அன்பளிப்போ ஊக்கத்தொகையோ கொடுக்கலாகாது. நிறுவனம் தன் பணியாளருக்கு விற்ற அளவைக் கணக்கிட்டு ஊதியமோ தரகோ வழங்கலாகாது. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ இருத்தல் ஆகாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருத்தல் வேண்டும். 2003-இல் செய்த திருத்தம், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவுகளின் விளம்பரத்தையும் தடுத்தது. நிறுவனங்கள் மருத்துவர்களின் கருத்தரங்குகளுக்குப் பண உதவி செய்வதையும் விலக்கியது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

அப்படியாயின் அந்த வெள்ளைக் கோட்டு அம்மையார் யார்? மருத்துவமனையின் பணியாளரா, வேறு எவரேனுமா? அக்குடும்பத்துக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சட்டம் புத்தகத்தில் விழித்திருக்கிறது. நாம் வெள்ளை உடையைக் கண்டதும் கேள்வியை மறந்துவிடுகிறோம்.

இன்று பாதை மேலும் மறைவாகிவிட்டது. உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃபும் எட்டு நாடுகளில் ஏறத்தாழ 8,500 பெற்றோரையும் கருவுற்ற பெண்களையும் கேட்டு 2022-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவர்களுள் 51 விழுக்காட்டினரைப் பால்பொடி விற்பனை முயற்சிகள் ஏதோ ஒரு வகையில் சென்றடைந்திருந்தன. கைப்பேசியில் 'தாய்மார் சங்கம்' என்ற பெயரில் குழுக்கள். நள்ளிரவில் குழந்தை அழும்போது ஆறுதல் கூறும் ஆலோசனைகள். தோழியைப் போலப் பேசும் புகழ்பெற்ற பெண்கள், அவர்களுக்குப் பின்னே ஊதியம் தரும் நிறுவனங்கள். அன்று வெள்ளை உடை செய்த வேலையை இன்று தோழியின் முகம் செய்கிறது.

தாயைக் குறைகூற வேண்டா

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவற்றையெல்லாம் படித்துவிட்டு, புட்டிப்பால் கொடுக்கும் தாயை ஏளனமாக நோக்கும் மாமியாரும் அயலாரும் தோன்றுவராயின் நாம் எழுதியதன் பயன் கெட்டது. நோயாலோ மருந்தாலோ குழந்தைக்குப் பாலூட்ட இயலாத தாய்மார் உண்டு. தாயை இழந்த குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு மாற்றுணவு உயிர்காக்கும் கொடை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி போன்ற முயற்சிகள் எழுந்ததும் இதற்காகவே.

பொய்த்தேவை எது, மெய்த்தேவை எது என்று மேசையருகே அமர்ந்து தீர்ப்பளிக்கும் அறிஞர்களிடமும் நாம் ஒன்று கேட்க வேண்டும். கட்டட வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் துணிக்கடைக்கும் செல்லும் தாய், நாற்பதாம் நாள் வேலைக்குத் திரும்பும்போது புட்டியை நாடுவது விளம்பரத்தின் மயக்கத்தால் மட்டுமா? ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்று மருத்துவ உலகம் கூறுகிறது. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டபோது, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் உழைக்கும் பெண்ணுக்கு அந்த விடுப்பு எட்டாக்கனியாகவே நின்றது. தமிழ்நாட்டில் 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இத்தகைய ஓர் அறை வேலைத்தலத்திலும் வேண்டாவா? தாய்க்கு மெய்யான தேவை ஓய்வும் ஊதியமும் ஒதுக்கிடமுமே. அவற்றை நாம் தர மறுத்த இடைவெளியில்தான் டப்பா வந்து அமர்கிறது. நம் குடும்பங்களுள் கடை வைத்திருப்போரும் ஆலை நடத்துவோரும் உளர். அவர்கள் இதைத் தமக்குச் சொன்னதாகவே கொள்ள வேண்டும்.

விற்பதற்கு ஏதுமில்லாத குரல்

திருமுழுக்கு நாளன்று அக்குடும்பத்தாரை மீண்டும் கண்டோம். அம்மாச்சி நம்மை ஒருபுறம் அழைத்து மெல்லச் சொன்னார். ஒரு நாள் இரவு முழுதும் குழந்தை அழுததாம். பால் போதவில்லை போலும் என்று அஞ்சி டப்பாவைப் பிரித்துவிட்டார்களாம். இரண்டு நாள் கொடுத்தபின், வழக்கம்போல் வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் இதைப் பார்த்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. தாயருகே பாயில் அமர்ந்து, குழந்தையை அணைக்கும் முறையைத் திருத்தினார். வாயை மார்பில் சரியாகப் பொருத்தக் காட்டினார். "அடிக்கடி கொடும்மா, கொடுக்கக் கொடுக்க ஊறும்" என்றார். வேறெதுவும் கொடுக்க நேர்ந்தால் புட்டி வேண்டா, பாலாடையில் புகட்டுங்கள் என்றும் சொன்னார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். "இப்ப பாலுக்குக் குறையே இல்லே சாமி. அரை டப்பா அப்படியே கிடக்குது" என்றார் அம்மாச்சி.

இருவர் அக்குடும்பத்துக்கு அறிவுரை கூறினர். இருவரும் கனிவாகவே பேசினர். ஒருவர் ஒரு முறை வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர் மூன்று நாள் பாயில் அமர்ந்தார். அவருக்கு விற்பதற்கு ஏதும் இல்லை.

அன்பர்களே, நம் வீட்டுக்குள் நாள்தோறும் பல குரல்கள் நுழைகின்றன. பாலுக்கு மட்டுமன்று, பிள்ளையின் கல்விக்கும், முதியோரின் மருந்துக்கும், சேமிப்புக்கும் இப்படியே ஆலோசனைகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் ஐயுற்று வாழ முடியாது, வாழவும் வேண்டா. ஆனால் கேட்பதற்கு முன் ஒரு சிறு வினாவை எழுப்பலாம்: இக்குரலுக்கு இங்கே விற்பதற்கு ஏதேனும் உண்டா? உண்டென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுகிறதா? வெள்ளை உடை அணிந்தவரிடமும் கேளுங்கள். கைப்பேசித் தோழியிடமும் கேளுங்கள். ஒலிபெருக்கியின் முன் நின்று அறிவிப்புச் செய்யும் பங்குத்தந்தையிடமும் தயங்காமல் கேளுங்கள். அன்று எண்பது தாய்மாருள் ஒருவரேனும் நம்மைக் கேட்டிருந்தால், அந்த மின்விசிறிகளை நாம் திருப்பி அனுப்பியிருப்போம்.